கூட்டாகக் கன்டென்ட் செய்யும்போது எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கட்டுரை, வீடியோ, பாட்காஸ்ட் என்று எதைச் செய்தாலும், இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் "அவரோட வேலை செய்யவே முடியலை" என்ற பேச்சு வந்துவிடும். உடனே ஆளின் குணத்தைப் பிடித்துக்கொள்வோம். இவர் பிடிவாதம், அவர் சோம்பேறி, இன்னொருவர் தொட்டாற்சிணுங்கி. குணங்கள் வேறுபடுவது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை ஒருவரின் குணம் அடுத்தவருக்குத் தொல்லையாக மாறுவதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கிறது. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதில் குழப்பம், முடிவு யாருடையது என்பதில் குழப்பம், அல்லது பேச்சு தவறான வழியில் நடப்பது. ஆளை மாற்ற நம்மால் முடியாது. இந்த மூன்றையும் மாற்றலாம், அதுவும் இந்த வாரமே.

கீழே அறிகுறிகளைத் தலைப்புகளாகக் கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் குழுவில் எது தெரிகிறதோ அங்கே போங்கள். ஆனால் எங்கே போவதற்கு முன்பும் இந்த அடிப்படைச் சோதனையை முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இப்போ நாம என்ன கட்டத்துல இருக்கோம்?" என்பது ஒன்று. யோசனை தேடுகிறோமா, அமைப்பு போடுகிறோமா, எழுதுகிறோமா, மெருகேற்றுகிறோமா? "கடைசி முடிவு யாரோடது?" என்பது மற்றொன்று. பதில்கள் ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் தேடிவந்த குணப் பிரச்சினையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. ஒருவர் இன்னும் யோசனை தேடும் கட்டத்தில் இருப்பதாக நினைத்துப் புதுப் புதுக் கோணங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருவர் நாளைக்கே வெளியிடப் போவதாக நினைத்து ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கற்பனைக்காரருக்கும் கறாரானவருக்கும் நடக்கும் மோதல் போலத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு "நாம எல்லாரும் சேர்ந்துதான்" என்று பதில் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெயர் வேண்டும். பதிவுக்குப் பதிவு அந்தப் பெயர் மாறலாம், பரவாயில்லை. ஆனால் ஒரே பதிவுக்கு இரண்டு பெயர் கூடாது.

அறிகுறி: மீட்டிங்கில் ஒருவரே பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்

வழக்கமாகச் செய்வது, நடுவில் நிறுத்தி "அமைதியா இருக்கிறவங்களும் சொல்லுங்க" என்று கேட்பது. இதனால் பயன் இல்லை. திடீரென்று எல்லாக் கண்களும் தன் மேல் விழும்போது அவர் "எனக்கும் அதேதான் தோணுது" என்பார். அதோடு சரி.

கூட்டமாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். தனியாக யோசிப்பதைவிடக் குழுவில் யோசிக்கும்போது ஒருவருக்கு இரண்டு மடங்கு யோசனை வரும் என்று 1950களில் எழுதினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு நான்கு பேராகச் சேர்ந்து யோசித்தவர்களைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததை ஒன்றாகச் சேர்த்தபோது யோசனைகள் அதிகமாக இருந்தன. திரும்ப வந்தவற்றைக் கழித்த பிறகும் அப்படித்தான். இதன் காரணத்தை 1987இல் மிக்கேல் டீல், வோல்ஃப்காங் ஷ்ட்ரோபெ என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேடினார்கள். கூச்சமும் சோம்பலும் சிறிய காரணங்களாகத்தான் தெரிந்தன. பெரிய காரணம் மிகச் சாதாரணமானது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது தன் யோசனையை மறக்காமல் பிடித்து வைப்பதிலேயே கவனம் போய்விடுகிறது, அடுத்தது உதிப்பதில்லை.

அதாவது உங்கள் குழுவின் அமைதியானவருக்கு யோசனை இல்லாமல் இல்லை. பேச்சின் நெரிசலில் அது நசுங்குகிறது.

சரிசெய்ய: மீட்டிங்கின் முதல் 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் ஒரே ஆவணத்திலோ தனித் தாளிலோ எழுத வேண்டும். அப்புறம் வாசிக்க வேண்டும். வாசிப்பதை மூத்தவரிடமோ அதிகம் பேசுபவரிடமோ தொடங்காதீர்கள். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு மற்றவர்கள் தாங்கள் எழுதியதை மனதுக்குள்ளேயே அடித்துவிடுவார்கள். மீட்டிங் முடிந்த பிறகும் ஒரு நாள் ஆவணத்தைத் திறந்து வைத்திருங்கள். சிலருக்கு நல்ல யோசனை வருவதே எல்லோரும் கலைந்த பிறகுதான்.

பேசிக்கொண்டே இருப்பவரை அடக்கி வைப்பதும் நஷ்டம்தான். அவர் பேசித்தான் யோசிக்கிறார். கையைக் கட்டிப்போட்டு எழுதச் சொன்னால் ஒரு பத்திக்குத் தவிப்பார். அவரிடம் போனைக் கொடுத்து, தலைப்பைச் சொல்லி, 15 நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவை எழுத்தாக்கினால் கரடுமுரடான முதல் டிராஃப்ட் கிடைத்துவிடும். அதைச் சீராக்க அமைதியானவரிடம் கொடுங்கள். இந்த ஜோடி நன்றாக வேலை செய்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். நேர் மாறாக ஜோடி சேர்த்தால், அதாவது அமைதியானவரைப் பேசச் சொல்லி மற்றவரைச் சீராக்கச் சொன்னால், இரண்டு பேருக்கும் தண்டனை.

எழுதும் நேரம் கொடுத்தும் காகிதம் காலியாகவே இருக்கிறதா? கடந்த சில மீட்டிங்குகளை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்த விசித்திரமான யோசனைக்கு யாராவது சிரித்தார்களா, "இதெல்லாம் ஓடாது" என்றார்களா? ஒருமுறை நடந்திருந்தால் போதும். அதற்கு மருந்து தனி: யோசனை தேடும் நேரத்தில் மதிப்பீடு செய்யத் தடை, மதிப்பீட்டுக்கு வேறொரு நாள்.

அறிகுறி: "சூப்பர், நல்லா இருக்கு" மட்டுமே வருகிறது, வெளியிட்ட பிறகு குறை வருகிறது

மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர்கள் குழுவில் இருந்தால் இப்படி நடக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் உறவைக் காப்பாற்றும் பதில்தான் அவர்களுக்கு முதலில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "நல்லா இருக்கு" என்று பதில் சொல்லவே முடியாத கேள்விகளாக இருக்கட்டும்:

"படிக்கும்போது எந்த இடத்துல கவனம் சிதறிச்சு?"
"ஒரு பத்தியைக் கட்டாயம் வெட்டணும்னா எதை வெட்டுவீங்க?"
"இதைப் படிச்சிட்டு ஒருத்தர் கோபப்பட்டா எந்த வரிக்காகக் கோபப்படுவார்?"

மூன்றாவது கேள்வியில் குறை சொல்வது உங்கள் நண்பர் இல்லை, யாரோ ஒரு வாசகர். அதனால் எளிதாக வாய் திறப்பார். உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய ஒரு முறையும் இதே தந்திரம்தான். வேலை தொடங்கும் முன்பே, இது முழுத் தோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எல்லோரும் எழுத வேண்டும். தோல்வி நடந்துவிட்டதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால், குறை சொல்பவர் கெட்டவராகத் தெரிய மாட்டார். பெரிய தொடர், நீண்ட வீடியோ போன்றவற்றுக்கு இதைக் கட்டாயம் செய்யலாம். ஒரு சின்னப் பதிவுக்கு இது அதிகம்.

இன்னொரு சுருக்கு வழி: ஒரே தொடக்கத்தை இரண்டு விதமாக எழுதி "எது?" என்று கேளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றதன் குறை தானாக வெளியே வரும்.

அறிகுறி: அவர் கையை விட்டு வேலை வெளியே வருவதே இல்லை

நேர்த்தி விரும்பிகள். இவர்களைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. குழுவின் மிக நல்ல வேலையும், மிக மோசமான தாமதமும் ஒரே ஆளிடமிருந்து வருவது இங்கேதான்.

முதலில் பாருங்கள்: "முடிந்தது" என்றால் என்ன என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. எல்லை சொல்லாத இடத்தில் அவர் தன் எல்லையை வைத்துக்கொள்கிறார், அது அடிவானத்தில் இருக்கிறது. "சீக்கிரம் முடிங்க" என்று நெருக்குவதால் பயன் இல்லை. அது அவர் காதில் "தரத்தைக் குறைங்க" என்றுதான் விழும்.

அதற்குப் பதிலாக எதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று ஒரு சிறு பட்டியல் போட்டுக் கொடுங்கள். பெயர், எண், தேதி, மேற்கோள் இவற்றில் பிழை கூடாது. தலைப்பு சொன்னதை உள்ளடக்கம் தர வேண்டும். வீடியோ என்றால் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். இவை கட்டாயம். வாக்கியத்தின் ஓசை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் வரும் மாற்றம், வண்ணத்தின் அழுத்தம் இவற்றுக்கு இரண்டு சுற்று, அதற்கு மேல் இல்லை. பட்டியலை அவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரே நிபந்தனை, கட்டாயங்கள் 5ஐத் தாண்டக் கூடாது.

அடுத்தது, அரைகுறையாக இருப்பதைக் காட்ட அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்கும் வேலை குழுவுடையது. கோப்பின் பெயரிலேயே "30% டிராஃப்ட், அமைப்பு மட்டும் பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். பார்ப்பவர்கள் அந்த வரியை மதிக்க வேண்டும். 30% டிராஃப்டில் யாராவது ஒற்றுப்பிழை காட்டினால், அடுத்த தடவை அவர் 95%-ல்தான் காட்டுவார். அதற்குக் காரணம் அவர் இல்லை, அந்த ஒற்றுப்பிழையைக் காட்டியவர்.

மூன்றாவதாக, தேதி. அவர் சொல்லும் தேதியை நம்பாதீர்கள். அவர் மட்டும் இல்லை, யாருமே தன் வேலைக்கான நேரத்தைச் சரியாகக் கணிப்பதில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். எனவே "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்காமல் "போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். நினைவு பொய் சொல்லலாம், கோப்பின் தேதி பொய் சொல்லாது.

இத்தனையும் செய்து பார்த்தும் நகரவில்லை என்றால், அவரை முதல் டிராஃப்டிலிருந்து எடுத்துக் கடைசிச் சுற்றுக்கு மாற்றுங்கள். கடைசிச் சுற்றில் அவருடைய கண்தான் குழுவின் சொத்து. இதை இறக்கம் என்று அவர் நினைக்காதபடி சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

அறிகுறி: யோசனை மழையாகக் கொட்டுகிறது, எதுவும் முடிவதில்லை

முந்தைய அறிகுறிக்கு நேர் எதிர். பாதி வேலை போன பிறகு "இல்ல இல்ல, இதை வேற மாதிரி பண்ணலாம்" என்பவர். இவரால் குழு களைத்துப் போகும். ஆனால் இவர் இல்லாத குழுவின் கன்டென்ட் மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தடுப்பதற்குப் பதில் கதவுக்கு ஒரு நேரம் வையுங்கள். கோனி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988இல் 8 குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து எழுதினார். சில குழுக்களுக்குச் சில நாள் கெடு, சிலவற்றுக்குச் சில மாதம். ஆனாலும் எல்லாக் குழுக்களும் முதல் சந்திப்புக்கும் கெடுவுக்கும் சரியாக நடுவில்தான் பழைய போக்கை உதறிப் புதுப் பாதைக்குத் தாவின. நடுப்பகுதியில் மனம் மாறுவது இயல்பு என்றால், அதற்கு நாமே இடம் கொடுத்துவிடலாம். 10 நாள் வேலை என்றால் 5ஆம் நாள் ஒரு சந்திப்பு. அன்று என்ன வேண்டுமானாலும் மாற்றலாம், கவிழ்த்தும் போடலாம். அதற்குப் பிறகு வரும் யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் "அடுத்ததுக்கு" என்ற பட்டியலில் போய்ச் சேரும்.

அந்தப் பட்டியல் உண்மையானதாக இருக்க வேண்டும். அடுத்த வேலை தொடங்கும்போது அதை அவர் முன்னால் திறந்து, அதிலிருந்து ஒன்றையாவது எடுக்க வேண்டும். கண்துடைப்புக்காக வைத்த பட்டியலை அவர் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவார்.

அறிகுறி: கமென்ட் போட்டாலே சண்டை

கூட்டு வேலையில் அதிக மனக்கசப்பு பிறக்கும் இடம், ஆவணத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. நேரில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. "இது என்ன?" என்று இரண்டே சொல்லில் எழுதியதும் ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்.

சுருக்கமாகப் பேசுபவருக்கும் நுட்பமாக உணர்பவருக்கும் இடையில் இது அடிக்கடி நடக்கும். சுருக்கமானவர் "நான் சாதாரணமாத்தானே கேட்டேன்" என்பார், அது உண்மையாகவே இருக்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் மின்னஞ்சலில் கிண்டலாகவும் நிஜமாகவும் வாக்கியங்களை எழுதச் சொன்னார்கள். படிப்பவர்கள் 78% சரியாகப் பிரித்துவிடுவார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் பிரித்தது 56%. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50% வரும். இதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73% சரியாகப் புரிந்தது. ஆகவே "எழுத்தில் என் தொனி தெரியும்" என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். தெரியாது.

சரிசெய்யும் வழி மூன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவரத் தேவையில்லை.

ஒன்று, ஒவ்வொரு கமென்ட்டும் ஒரு முன்சொல்லோடு தொடங்கட்டும்: கட்டாயம், யோசனை, கேள்வி. "கேள்வி: இது என்ன?" என்று வந்தால் அடி விழாது. "யோசனை:" என்று வந்ததை ஏற்பதும் விடுவதும் எழுதியவரின் விருப்பம். எல்லாவற்றையும் "கட்டாயம்" என்று குறிப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு டிராஃப்டுக்கு மூன்று கட்டாயம் என்று அளவு வையுங்கள்.

இரண்டு, பிரச்சினையைச் சொல்லுங்கள், விடையை எழுதிக் கொடுக்காதீர்கள். "இந்த வரியை இப்படி மாத்துங்க" என்பதற்கும் "இந்த இடத்துல யார் பேசுறாங்கன்னு எனக்குக் குழம்பிச்சு" என்பதற்கும் பெரிய வித்தியாசம். முதலாவது எழுதியவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டாவது அவர் கண்ணுக்குப் படாத ஒன்றைக் காட்டிவிட்டு நகர்கிறது. பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் இயக்குநர்கள் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழு ஒன்று உண்டு. அந்தக் குழு எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அதற்கு அதிகாரம் கிடையாது. கருத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது படத்தின் இயக்குநரின் முடிவு. அதிகாரம் இல்லாததால்தான் கேட்பவரால் தற்காப்புக்கு இறங்காமல் கேட்க முடிகிறது. இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை, மூன்று பேர் குழுவிலும் நடக்கும்.

மூன்று, ஒரே கமென்ட்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் பதிலும் மறுபதிலும் போனால் எழுத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். போனில், அல்லது குரல் பதிவாக. குழுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மூன்றாவது பதில் எழுதினால் அது அந்த ஒருவருக்கான பதிலாக இருக்காது, பார்வையாளர்களுக்கான பேச்சாகிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கடுமையாகப் பேசுபவரை மட்டும் திருத்த முயன்றால் அவர் மௌனமாகிவிடுவார். குறை காட்டும் கூர்மையான கண் ஒன்று குழுவுக்கு இல்லாமல் போகும். கமென்ட்டை வாங்கிக்கொள்பவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உடனே பதில் எழுத வேண்டாம், மறுநாள் காலையில் எழுதட்டும்.

அறிகுறி: கமென்ட் எல்லாம் ஃபான்ட், நிறம், காற்புள்ளி பற்றியே

அமைப்பே தப்பாக இருக்கும்போது ஒருவர் எழுத்துருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். சுவர் எழும்பும் முன்பே சுண்ணாம்பின் நிறத்தைப் பற்றிய விவாதம்.

நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957இல் இதைக் கிண்டல் செய்து எழுதினார். அவர் கற்பனை செய்த கமிட்டி ஒன்று அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு 45 நிமிடம் வாதாடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு.

நுணுக்கம் பார்ப்பவரிடம் அழகாக வடிவமைத்த பக்கத்தைக் கொடுத்துவிட்டு "அமைப்பைப் பாருங்க" என்றால் அவர் கண் வேறெங்கே போகும்? வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்தாக, முடிந்தால் பத்திக்கு ஒரு வரி வீதம் சுருக்கிக் கொடுங்கள். வீடியோவாக இருந்தால் தற்காலிகக் குரலோடு, படமே இல்லாமல். பார்க்க வேண்டாததை மறைத்துவிட்டால் விவாதம் தானாக இடம் மாறும்.

அறிகுறி: எல்லோரும் திருத்தியதில் எழுத்து சப்பென்று ஆகிவிட்டது

ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியாக நியாயமானது. ஆனால் மொத்தத்தில் யார் எழுதியது என்றே தெரியாத ஒன்று வந்து நிற்கிறது. விட்டுக்கொடுப்பவர் எழுதி, உறுதியானவர்கள் திருத்தினால் இது நிச்சயம் நடக்கும்.

திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகு, முதலில் எழுதியவர் கையில் ஒரு முறை தனியாகக் கொடுங்கள். அவர் அதை வாய்விட்டுப் படித்து, தன் குரலில் இல்லாததைத் தன் குரலுக்கு மாற்றலாம். தகவலை மட்டும் மாற்றக் கூடாது. திருத்துபவர்கள் நேரடியாக எழுத்தில் கை வைக்காமல் பரிந்துரையாக மட்டும் குறிக்கும் வசதி இப்போது பல கூட்டு ஆவணங்களில் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்குங்கள். என் அபிப்பிராயத்தில் இந்த ஒரு விதி மற்றப் பத்து விதிகளுக்குச் சமம்.

அறிகுறி: ஆள் காணவில்லை

செய்தி பார்த்ததற்கான நீல டிக் மட்டும் இருக்கிறது, பதில் இல்லை.

காரணம் இரண்டு வகை, மருந்து நேர்மாறானது. ஒன்று, பொறுப்பு பலர் மேல் பரவியிருப்பதால் யாராவது செய்வார்கள் என்று விட்டுவிடுவது. 1979இல் ஒரு புகழ்பெற்ற சோதனையில் மனிதர்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கத்தச் சொல்லி, கைதட்டச் சொல்லி அளந்தார்கள். குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரும் போடும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. "நாம இதைப் பண்ணிடலாம்" என்று முடியும் மீட்டிங்கில் யாரும் பண்ண மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி.

இன்னொன்று, மாட்டிக்கொண்டது. எழுத வரவில்லை, சொல்லவும் வெட்கம். நாளாக ஆக வெட்கம் கூடுகிறது, பதில் சொல்வது இன்னும் கடினமாகிறது. இவரிடம் "எப்போ தருவீங்க?" என்று ஐந்தாவது முறை கேட்பது கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தும். "எவ்வளவு இருக்கோ அப்படியே அனுப்புங்க, மீதியை நான் பார்க்கிறேன்" என்று எழுதிப் பாருங்கள். அன்றைக்கே ஏதாவது வந்தால் இரண்டாவது வகை. அதற்கும் பதில் இல்லை என்றால் முதல் வகை, அல்லது அவர் ஏற்கெனவே மனதளவில் விலகிவிட்டார்.

அறிகுறி: "அவர் அந்த டைப், அப்படித்தான்" என்ற பேச்சு

குழுவில் யாரோ ஒரு ஆளுமைச் சோதனையை அனுப்பி, எல்லோரும் நான்கு ஆங்கில எழுத்துக்களைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய கருத்துகளிலிருந்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது அந்த 16 வகைப் பகுப்பு. விளையாட்டாகப் பேச்சைத் தொடங்க நல்லது. வேலையைப் பிரிக்க நல்லதில்லை. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. மனிதர்களை இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போடுவதுதான் காரணம். பெரும்பாலோர் நடுவில் இருப்பவர்கள், சற்றுத் தள்ளினாலே அடுத்த பெட்டி.

"ஆனா எனக்கு அப்படியே பொருந்துதே" என்பார்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆளுமை விவரிப்பு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே விவரிப்பு. பெரும்பகுதி ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஐந்து குணங்களை அளவுகோல்களாகப் பார்க்கும் முறை: புதுமையை ஏற்பது, ஒழுங்கு, வெளிப்படையாகப் பழகுவது, இணங்கிப்போவது, பதற்றம். இதில் யாரும் ஒரு வகை இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு. ஆனால் குழுவில் அன்றாட உபயோகத்துக்கு அதுகூட வேண்டாம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று வரி எழுதினால் போதும். எந்த நேரத்தில் நன்றாக வேலை ஓடும், கருத்தை எழுத்தில் கேட்க விருப்பமா பேச்சிலா, எது செய்தால் எரிச்சல் வரும். அதை ஆவணத்தின் தலையில் ஒட்டிவிடுங்கள். வருடம் ஒரு முறை மாற்றி எழுதச் சொல்லுங்கள், மனிதர்கள் மாறுகிறார்கள்.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று, எதுவும் நகரவில்லை

அப்படியென்றால் பிரச்சினை குணத்தில் இல்லாமல் இருக்கலாம். யார் பெயர் முதலில் வருகிறது, வருமானம் எப்படிப் பிரிகிறது, யாருக்கு எத்தனை மணி நேர வேலை என்பதைப் பாருங்கள். பெயர் இல்லாமல் மூன்று மாதம் வேலை செய்தவர் "ஒத்துழைக்க மறுப்பவர்" ஆகிவிடுவதில் ஆச்சரியம் இல்லை. அடுத்தவர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டுவது, எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசுவது இவையும் குணவகை இல்லை. இவற்றுக்கு அனுசரிக்கும் வழிமுறை எதையும் நான் தரப்போவதில்லை. ஒரு முறை நேராகச் சொல்லுங்கள், தேதி குறித்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தொடர்ந்தால் பிரியுங்கள்.

பிரிவதாக முடிவானால் பேச்சு சுமுகமாக இருக்கும்போதே நான்கு விஷயங்களை எழுதிவிடுங்கள். ஏற்கெனவே வெளியானவற்றில் யார் யார் பெயர் நிற்கும். பாதியில் நிற்கும் டிராஃப்டுகளை யார் தொடரலாம். மூலக் கோப்புகளின் நகல் யாரிடம் இருக்கும். கணக்குகளின் பாஸ்வேர்டு எந்தத் தேதியில் மாறும். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பிறகு வரும் தகராறும் பெரும்பாலும் அதில்தான்.